பரணில் கிடக்கும் பிஎஸ் 2 தட்டுகள்

வல்லம், செஞ்சி பக்கத்து நேயர்களே, வீட்டுப் பரணில் பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் 2) விளையாட்டுக் கருவி கிடந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள். அதற்கென்று நம் நாட்டிலேயே உருவான விளையாட்டுகள் உண்டு. பழைய தட்டு சேர்ப்பவர்கள்கூட இவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

2009-இல் ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் செய்த 'தேசி அட்டா'வில் கபடி, கிட்டிப்புள், பட்டச் சண்டை எல்லாம் திரைக்கு வந்தன. தெருப்புழுதியில் ஆடியதைத் தட்டில் பதித்து வைத்த அருமை அது. முதலில் தேட வேண்டியதும் அதுதான். அதே ஆண்டு, அதே ஊரிலிருந்து 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. விமர்சகர்கள் புகழவில்லை. ஆனாலும் இந்தியாவில் உருவான முதல் பிஎஸ் 2 விளையாட்டு என்ற இடம் அதற்கு உண்டு.

வாங்கும்போது தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசல் டிவிடி வெள்ளியாய் மின்னும். கணினியில் எழுதிய நகல் பெரும்பாலும் ஊதாச் சாயலில் தெரியும். நல்ல நீலமாக இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிஎஸ் 2-இன் சிடி வகைத் தட்டுகளுக்கு அடிப்பக்கமே நீலம்தான். நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் மட்டும் விலை பேசாமல் வைத்துவிடுங்கள். வேகமாகச் சுழலும்போது உள்ளேயே உடையக்கூடும்.