ஜீப் போன பிறகு...

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலையை ஒட்டினாற்போல் உள்ள சிற்றூர் ஒன்றுக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்து பாருங்கள். "என்ன இது, ஓர் ஆளைக்கூடக் காணோமே!" என்று திகைத்துப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்; மந்தைப் பக்கம் வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்கிறதல்லவா? ஊர் அங்கேதான் இருக்கிறது!

மற்றவர்கள் எங்கே? மலைமேல் இருக்கிறார்கள். கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை வெட்டவும் காலையிலேயே ஜீப் ஏறிவிட்டார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்றுந்தான் இந்தப் பள்ளத்தாக்கின் பிழைப்பு வாசல்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்! ஜீப்பில் போகிறவர்களில் பெண்களே அதிகம். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால், பகல் முழுதும் ஊருக்குக் காவல் யார்? அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும், தடியூன்றிய தாத்தாக்களுந்தான்.

இவர்களை லேசாக எண்ணிவிடாதீர்கள். இவர்கள் மலையை அறிந்தது காலால்! தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு என்று ஒரு பழைய மலைப்பாதை உண்டு. அரிசியும் சட்டி பானையுமாக அப்படிப்பட்ட பாதைகளில் ஏறி, தோட்டத்து லயத்திலேயே நாள் கணக்கில் தங்கி உழைத்துவிட்டு இறங்கிய தலைமுறை இது. முழங்கால் என்றைக்குப் 'போதும்' என்று சொல்கிறதோ, அன்றைக்குத்தான் ஓய்வு.

ஓய்வாவது, ஒன்றாவது! ஒரு கை பேரனின் தூளியை ஆட்டும்; மறு கை புளி தட்டிக்கொண்டிருக்கும். போடிப் பக்கமானால் கோடையில் இலவங்காய் உடைக்கிற வேலை. கூலி அற்பந்தான். ஆனால் வெற்றிலை பாக்குக்கு மருமகளிடம் கையேந்த வேண்டாமே, அது பெரிதல்லவா? இன்னொரு வரவு, அரசாங்கத்தின் முதியோர் உதவித் தொகை. 1962-ல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது, 2023-ல் 1,200 ரூபாய் ஆயிற்று. அது வருகிற நாளில் திண்ணைக்குத் திண்ணை கணக்குத்தான்.

பட்டணத்திலிருந்து வருகிறவர்கள், "ஆஹா, என்ன அமைதி!" என்று மெய்ம்மறக்கிறார்கள். அமைதிதான். ஆனால் நடுப்பகலில் ஒரு தாத்தாவுக்கு மார்வலி கண்டால்? கட்டிலைத் தூக்கத் திடமான தோள் அகப்படாது. 108-க்குச் சொல்லலாமென்றால், கைபேசியில் எண் தெரியக் கண் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியோ தேனியையும் தாண்டி, ஆண்டிபட்டிச் சாலையில் க.விலக்கில் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியந்தான். அவசரத்துக்கு ஆள் வேண்டுமே!

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், இந்தச் சந்தடியற்ற பகல்தான் இங்கே நல்ல காலத்துக்கு அறிகுறி. ஊர் கலகலப்பாகிவிட்டால் கிழவிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும்! 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி எல்லைப் பாதைகள் அடைபட்டபோது, தோட்டத்தில் இருந்தவர்கள் காட்டு வழியே இறங்கி ஓடிவந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் ஜீப்புகள் நின்றன. மந்தை நிறைய இளவட்டங்கள். வீட்டிலோ கூலி இல்லை. பேரன் பேத்திகள் பகலெல்லாம் பக்கத்தில் இருந்தும், அந்த நாட்களை எந்தப் பாட்டி திரும்பக் கேட்பாள்?

ஜீப் மறுபடி புறப்பட்டால்தான் நிம்மதி. அந்த நிம்மதியும் மாலை வரைக்குந்தான். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த செய்திகளைக் கேட்டுப் பழகிய காதுகள் அல்லவா? பொழுது சாய்ந்தால் மரத்தடியில் பேச்சுக் குறைகிறது. மழை நாளில் மூடுபனி இறங்கி வண்டி தாமதமானால், "நம்ம வண்டி வந்திருச்சாப்பா?" என்று தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடை. ஜீப் வந்து நின்றதும், இறங்குகிற தலைகளை ஒன்று விடாமல் எண்ணிவிட்டுத்தான் அப்பத்தா அடுப்பு மூட்ட உள்ளே போகிறாள்.