தானாகச் சரியாகிவிட்ட எஞ்சின்

காலையில் முதல் ஸ்டார்ட். செஸ்னா 172 விமானத்தின் லைகாமிங் எஞ்சின் உதறுகிறது. ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஓரிரு நிமிடம் சூடேறியதும் சீராகிவிடுகிறது. பயிற்சி மாணவர் கிளம்பிவிடுகிறார். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

மெக்கானிக்குகள் இதை ‘மார்னிங் சிக்னஸ்’ என்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு ஏறியிறங்கும் கைடுக்குள் கரி படிந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு சிக்கிக்கொள்கிறது. சூட்டில் விடுபடுகிறதே தவிர, கோளாறு அங்கேயேதான் இருக்கிறது. நடுவானில் சிக்கினால் புஷ்ராடு வளையலாம், அந்தச் சிலிண்டர் செத்துவிடும். லைகாமிங் சர்வீஸ் புல்லட்டின் 388, கைடின் இடைவெளியை 400 மணி நேரத்துக்கு ஒருமுறை, சந்தேகம் வந்தால் அதற்கு முன்பே, பார்க்கச் சொல்கிறது. சிலிண்டரைக் கழற்றாமலே பழுது நீக்கலாம்: பிளக் துளை வழியே நைலான் கயிற்றைத் திணித்து வால்வைத் தாங்க வைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றுவார்கள். பிறகு கயிற்றை உருவி, வால்வை உள்ளே தள்ளி, கைடை ரீமரால் சுத்தம் செய்து, வால்வை மறுபடி இழுத்து மாட்டுவார்கள்.

பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இரு மேக்னெட்டோக்களின் சோதனையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். இறங்கவே இல்லையென்றால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். உண்மையில் அதை எர்த் செய்யும் வயர் அறுந்திருக்கலாம். அப்போது சாவியை அணைத்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும்; புரொப்பெல்லரைக் கையால் அசைத்தாலே எஞ்சின் திடீரென ஸ்டார்ட் ஆகிச் சுழலக்கூடும்.

கார்புரேட்டர் பனி வேறு ரகம். ஈரப்பதம் மிகுந்தால் வெளியே 20 டிகிரிக்கு மேல் இருந்தாலும் உள்ளே பனி கட்டும். எஞ்சினியர் எஞ்சின் மூடியான கவுலிங்கைத் திறப்பதற்குள் உருகியும் விடும். விமானத்தின் டெக்னிக்கல் லாகில் ‘சோதித்தோம், கோளாறில்லை’ என்று எழுதப்படும்.

இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். லட்சக்கணக்கில் கட்டிய மாணவர்கள் ஸ்நாக் (கோளாறுக் குறிப்பு) எழுதினால் விமானம் நின்றுவிடுமே என்று வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை மிக அதிகம். பறக்கும் முன் டெக்னிக்கல் லாகைப் பார்ப்பது மாணவரின் உரிமை. தனியாகப் பறக்கும்போது அவரே பைலட்-இன்-கமாண்ட். ஏற மறுக்க அவருக்கு முழு அதிகாரம் உண்டு.

‘எஞ்சின் ரஃப்’ என்று மட்டும் எழுதினால் எஞ்சினியருக்கு ஒன்றும் பிடிபடாது. ஆறியிருந்ததா சூடாக இருந்ததா, என்ன ஆர்பிஎம், எந்த மேக்னெட்டோ, ஆயில் பிரஷர் எவ்வளவு, எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுத வேண்டும். ஒரே ஸ்நாக் திரும்பத் திரும்பக் ‘கோளாறில்லை’ என்று மூடப்பட்டால், பயிற்சிப் பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்கலாம். அங்கும் பதில் வராவிட்டால், விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தன்னார்வ அறிக்கை முறையில் நேரடியாகவே தெரிவிக்கலாம்.