அந்தப் பத்து விழுக்காடு

2017 ஜூலை முதல் தேதிக்கு முன்னால் மலேசியாவில் மலிவான கார் இன்சூரன்ஸ் என்று ஒன்று இருந்ததில்லை. விலை எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. 1978 முதல் நடப்பில் இருந்த கட்டண அட்டவணை, இஞ்சின் சிசியையும் காப்புறுதித் தொகையையும் வைத்துக் காசு சுத்தமாகக் கணக்குச் சொல்லிவிடும். 1,300 சிசி புரோட்டோன் சாகா, 20,000 வெள்ளிக்குக் காப்புறுதி என்று வையுங்கள். கடைசி அட்டவணைப்படி முதல் ஆயிரத்துக்கு 273 வெள்ளி 80 காசு, மிச்சமுள்ள ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 வெள்ளி. ஆக 767 வெள்ளி 80 காசு. ஐந்தாண்டு கிளேய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு என்சிடி தள்ளுபடி 55 விழுக்காடு போக 345 வெள்ளி 51 காசு. வரியும் பத்து வெள்ளி முத்திரைக் கட்டணமும் தனி. வண்டி பழசு என்று நிறுவனம் லோடிங் வைத்தால் ஏறுமே தவிர, தீபகற்பத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் இந்த எண் இறங்காது.

ஒரு முழம் மல்லிகையைக்கூடப் பேரம் பேசாமல் வாங்காத தெரு கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா. அங்கே போய் விலை நிலையானது என்றால் கேட்பார்களா? பேரம் வேறு பக்கம் திரும்பியது. மோட்டார் காப்புறுதியில் ஏஜெண்டுக்குக் கமிஷன் பத்து விழுக்காடு. அந்தப் பத்திலிருந்து கொஞ்சம் வாடிக்கைக்காரர் கைக்குத் திரும்பி வந்தது. "பார்த்துக் கழிச்சுப் போடுங்கண்ணே" என்று இவர் கேட்பார். "உங்களுக்கு இல்லாததா பாய்" என்று அவர் கால்குலேட்டரைத் தட்டுவார். ரசீதில் முழுத்தொகை இருக்கும், மேசைக்கு மேலே இருபதோ முப்பதோ வெள்ளி திரும்பி வரும். அந்தக் காலத்து கேஷ்பேக் அவ்வளவுதான்.

அந்த ஏஜெண்டுகள் பெரும்பாலும் மேல்மாடியில் இருந்தார்கள். ஜாலான் மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளானில் தெங்கு கிளானா சாலை என்று நம்மவர் கடை வைத்த இடங்களில், சேலைக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே குறுகலான படி ஏறிப் போனால் இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், பெயர் மாற்றம் மூன்றும் ஒரே பலகையில் எழுதியிருக்கும். கிராண்டையும் ஐசியையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு மனிதர் தன் கடைக்குத் திரும்பிவிடுவார். ரன்னர் ஒருவர் கவர் நோட்டோடு வங்சா மாஜுவில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் வரிசை நின்று, ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரை வாங்கி வந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போவார். கடையை விட்டு நகர முடியாத சிறு வியாபாரிக்கு முப்பது வெள்ளிக் கழிவைவிட மிச்சமான அந்த அரைநாள் பெரியது.

மோட்டார் காப்புறுதியில் பணம் கட்டினால்தான் பாதுகாப்பு என்பது விதி. ஆனாலும் "சம்பளம் வந்ததும் தர்றேன்" என்றவர்களுக்கும் கவர் நோட் கிடைத்தது. ஏஜெண்ட் தன் பையிலிருந்து கட்டியிருப்பார். இந்தக் கடன் எந்த விலைப்பட்டியலிலும் ஏறாதது.

இந்த இடத்தில் மைக்காவைச் சொல்லாமல் போக முடியாது. 1982-இல் மஇகா கட்சி தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள் தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். கடைசியில் அந்த நிறுவனத்திடம் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சிய சொத்து ஒரு காப்புறுதி நிறுவனம், ஓரியண்டல் கேபிடல் அஷூரன்ஸ். நம் வண்டிகளுக்குக் காப்புறுதி விற்கும் நிறுவனம் ஒன்று, பங்கேட்டின் கணக்கிலாவது, நம்முடையதாக இருந்தது. 2010-இல் பங்குக்கு 80 காசு என்று விலை பேசப்பட்டபோது, போட்ட ஒரு வெள்ளி கூட முழுதாகத் திரும்பவில்லையே என்று கொதித்தவர்களும், இதாவது வருகிறதே என்று வாங்கிக்கொண்டவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். 2012-இல் ஓரியண்டல் கேபிடலை ட்யூன் குழுமம் வாங்கிப் பெயரை மாற்றியது. இன்று கைப்பேசியில் விலை ஒப்பிடும்போது ட்யூன் புரொடெக்ட் என்று ஒரு வரி வந்தால், அதற்கு அடியில் இந்தக் கதை இருக்கிறது. அதைத் தட்டும் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

2017-இல் முழுக்காப்புறுதிக்கும், தீ-திருட்டு சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் அட்டவணை தளர்ந்தது. மூன்றாம் தரப்புக்கு மட்டுமான காப்புறுதி பழைய அட்டவணையிலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் ஓட்டுநரின் வயது, வண்டி நிற்கும் இடம், அந்த மாடல் எவ்வளவு திருடு போகிறது என்பதையெல்லாம் பார்த்துத் தனித்தனி விலை சொல்லலாம் என்று ஆனது. ஒப்பிடுவதற்குப் பொருள் வந்ததே அப்போதுதான். பிஜாக், பாலிசிஸ்ட்ரீட் போன்ற தளங்கள் இந்தக் கதவு திறந்த பிறகு பெருகியவை. வண்டி எண்ணையும் ஐசி எண்ணையும் போட்டால் உங்கள் என்சிடியையும் சேர்த்து இழுத்து வந்து, பல நிறுவனங்களின் விலையை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துகின்றன. டச் என் கோ இ-வாலட்டிலேயே இன்சூரன்ஸ் எடுக்கலாம். ஒரே காருக்கு மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இருக்கும் இடைவெளியைப் பார்த்தால், இத்தனை வருஷம் ஒரே விலை கொடுத்தோமே என்று வயிறு எரியும்.

நிறுவனத்திடம் நேரடியாக இணையத்தில் வாங்கினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்ற விளம்பரத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அது வேறெங்கிருந்தும் வரவில்லை. ஏஜெண்டின் பத்துதான். கேஷ்பேக் தளம் தருவதும் ஏறக்குறைய அந்தப் பணம்தான். அவர்களுடைய இணைப்பு வழியாகப் போய் வாங்கினால் விற்பவர் அவர்களுக்குப் பங்கு கொடுக்கிறார், அதில் ஒரு துண்டு சில வாரம் கழித்து உங்கள் கணக்கில் ஏறுகிறது. இடையில் வேறு கூப்பன் போட்டீர்கள், வேறு பக்கத்துக்குத் தாவினீர்கள் என்றால் அந்தத் தடம் அறுந்து, பணமும் போய்விடும். முன்பு மேசைக்கு மேலே உடனே வந்தது, இப்போது நிபந்தனையோடு வருகிறது.

என்னைக் கேட்டால், இன்றைய வழியே மேல். இதில் பழைய காலத்து ஏக்கம் எனக்குக் கிடையாது. என்ன, ஏஜெண்ட் வாயால் கேட்ட கேள்விகளை இப்போது சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரை கேட்கிறது. கண்ணாடிக்குத் தனியாக வேண்டுமா? வெள்ளத்துக்கு வேண்டுமா? டிக் போட்டால் விலை ஏறும். மலிவு தேடி வந்தவன் டிக் போடுவானா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கின. சாதாரண முழுக்காப்புறுதியில் வெள்ளம் சேராது என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது. அட்டவணைக் காலத்தில் அந்தக் கூடுதல் பாதுகாப்புக்குக் கட்டணம் காப்புறுதித் தொகையில் அரை விழுக்காடு. 40,000 வெள்ளிக் காருக்கு 200 வெள்ளி. ஒப்பீட்டுப் பட்டியலில் கீழ்வரியைப் பிடிக்க விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தொகைதான்.

இன்னொரு வழி, காரின் மதிப்பையே குறைத்துப் போடுவது. சந்தையில் 30,000 வெள்ளி போகும் காரை 20,000-க்குக் காப்புறுதி செய்தால் பிரீமியம் இறங்கும். மோதி 6,000 வெள்ளிக்குப் பழுது பார்த்தால் நிறுவனம் 4,000 வெள்ளிதான் கொடுக்கும். மீதி உங்கள் பங்கு. மேல்மாடி ஏஜெண்டுகளில் இதைப் பொறுப்பாக எச்சரித்தவர்களும் உண்டு, கமுக்கமாகக் குறைத்துப் போட்டு வாடிக்கையைப் பிடித்தவர்களும் உண்டு. எல்லாரும் யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை.

2023 பிப்ரவரி 10 முதல் தனிநபர் கார்களில் ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை, மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்றார்கள். ரன்னரின் வேலையில் பாதி அன்று போனது. வாட்ஸ்அப்பில் நம்ப முடியாத விலை சொல்லிப் போலிக் கவர் நோட் அனுப்புகிறவர்களைப் பிடிக்கவும் அந்தச் செயலி உதவுகிறது. காப்புறுதி ஜேபிஜே பதிவில் ஏறவில்லை என்றால் ரோட் டேக்ஸ் எடுக்க முடியாது.

மேல்மாடிகள் காலியாகிவிடவில்லை. சரக்கு வேன், பதினைந்து வயது தாண்டிய கார், முன்பு பெரிய கிளேய்ம் எடுத்த வண்டி இவற்றுக்குப் பல தளங்கள் விலையே காட்டுவதில்லை. யாரும் எடுக்காத வண்டிகளுக்காக 1992-இல் அமைத்த எம்எம்ஐபி கூட்டுத்தொகுப்புக்குத்தான் சில போக வேண்டும், அங்கே பிரீமியம் கனம். அந்தப் பேப்பர் வேலைக்கு ஆள் வேண்டும். மற்றவர்கள் படியேறுவது வேறு வேலைக்கு. திரையில் வந்த விலையைப் படம் பிடித்து வந்து ஏஜெண்டிடம் நீட்டுகிறார்கள். "இதைவிடக் குறைச்சுத் தர முடியுமாண்ணே?" அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, வெள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் விலையைச் சொல்கிறார்.