எலுமிச்சைக்கு உறவுமரம்

கொல்லையில் கறிவேப்பிலை வைத்திருப்பவர்கள், கொழுந்தெல்லாம் மொட்டையாகி நிற்பதைப் பார்த்துப் பதறுவார்கள். இலைமேல் பறவை எச்சம் போல ஒட்டிக்கிடக்கும் சின்னப் புழுதான் காரணம். வளர்ந்ததும் அது பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து கவைத்த கொம்பொன்றை நீட்டும். காட்டமான வாடை வீசும். மருந்தடிக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு அக்காவை நான் தடுத்துவிட்டேன். "விடுங்கக்கா, பட்டாம்பூச்சியா பறந்துடும். மரம் மறுபடி துளிர்க்கும்."

எலுமிச்சையில் முட்டையிடும் பட்டாம்பூச்சிதான் இங்கும் வருகிறது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். எல்லாம் எண்ணெய்ப் பைகள். மணம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. அந்த மணம் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும். தாளிப்பில் போடுவது அதனால்தான். பொடிக்குக் காயவைப்பவர்கள் தயவுசெய்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் மணம் ஆவியாகிப் போய்விடும்.

பெரும்பாணாற்றுப்படையிலேயே மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து வெண்ணெயில் வேகின்றன. அறிவியல் பெயர் வந்தது வெகு பிந்தி, 1771-ல். லின்னேயஸ் வைத்த பெயரில் 'கோனிகி' என்று வருவது அவருடைய மாணவர் கோனிகைக் குறிக்கும். எங்கள் மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள தரங்கம்பாடிக்கு, டேனிஷ் மிஷன் மருத்துவராக 1768-ல் வந்தவர் அவர். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

எலுமிச்சையோடுள்ள இந்த உறவால் ஒரு சிக்கலும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புவது 'சைலிட்' என்ற சாறுறிஞ்சிப் பூச்சி. கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் அதற்கு உயிர். 2005-ல் புளோரிடாவில் இந்த நோய் தெரியவந்தது. ஆரஞ்சுத் தோப்புகள் பெரும் நாசமாயின. பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்கா இவ்வளவு கெடுபிடி காட்டுவது இதற்காகத்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரே, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். நம் ஒரு கொத்து, யாரோ ஒரு விவசாயியின் தோப்பைக் காவு வாங்கிவிடும்.

இங்கே இடம் இருப்பவர்கள் மரமே வைக்கலாம். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதையை உடனே ஊன்ற வேண்டும், காய்ந்துவிட்டால் முளைக்காது. பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேரோடு பெயர்த்து நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். நுனியைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள், பக்கக் கிளை வெடித்துப் புதராகும்.