தேடல் சுட்டியின் பின்னணி இற்றைப்படுத்தல்

தேடல் சுட்டியின் பின்னணி இற்றைப்படுத்தல் என்பது, ஓர் இணையச் செயலியின் தரவுத்தளத்தில் ஏற்படும் மாற்றங்களைத் தனிப் பணிகள் மூலம் அதன் தேடல் சுட்டிக்குக் கொண்டுசேர்க்கும் முறையாகும். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைச் சுட்டி காட்டும். ஆனால் அது தரவின் நகல் மட்டுமே. மூலம் மாறினாலும் நகல் தானாக மாறாது.

தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளைக் கொண்டு இதை விளக்கலாம். 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்கள் பிரிந்தன. ஒரே தோல் தொழில் வட்டாரம் மூன்று மாவட்டங்களுக்குள் வந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், மேல்விசாரம் இராணிப்பேட்டைக்கும் சென்றன. பேரணாம்பட்டு வேலூரிலேயே நீடித்தது. (சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பது தேடுவோருக்குக் கூடுதல் குழப்பம்.)

ஆம்பூர் கட்டுரையை மட்டும் திருத்தினால் மாறுவது ஒரு பக்கம். மாவட்டத்தின் ஊர்களைப் பட்டியலிடும் வார்ப்புருவைத் திருத்தினால், அது இடம்பெற்ற எல்லாப் பக்கங்களும் மாறுகின்றன. அத்தனையையும் அப்போதே சுட்டியில் ஏற்ற முயன்றால், திருத்தியவர் சேமிப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். ஆகவே மீடியாவிக்கி திருத்தத்தை உடனே சேமித்துவிட்டு, மீதியைப் பணி வரிசையில் இடுகிறது. அதன் சிரஸ்சர்ச் நீட்சி, அவ்வரிசையின் வழியாக எலாஸ்டிக்சர்ச் சுட்டியை இற்றைப்படுத்தும் வகையில் அமைக்கப்பட்டது.

பணியில் எதை வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கத்தின் உரையையே பணிக்குள் வைத்தால், தாமதமாக ஓடும் பழைய பணி புதிய உரையை அழித்துவிடும். ஆம்பூர் மீண்டும் வேலூர் மாவட்டத்திற்கே திரும்பிவிடும்! பக்க எண்ணை மட்டும் வைத்து, பணி ஓடும் நேரத்தில் தரவுத்தளத்திலிருந்து அப்போதைய உரையைப் படிப்பதே பாதுகாப்பானது. அப்போது ஒரே பணி இருமுறை ஓடினாலும் தீங்கில்லை. தரவுத்தளத்தில் மாற்றம் உறுதியான பின்னரே பணியை வரிசையில் இட வேண்டும். முந்திக்கொண்டால் பணி பழைய உரையையே படிக்கும். நீக்கப்பட்ட பக்கத்தைச் சுட்டியிலிருந்து அகற்றவும் பணி தேவை.

மீடியாவிக்கியின் இயல்பு அமைப்பில், பணிகள் வாசகரின் பக்கக் கோரிக்கைகளோடு சேர்ந்தே ஓடுகின்றன. கோரிக்கை ஒன்றுக்குப் பணி ஒன்று. இதனால் வருகை குறைந்த சிறு விக்கிகளில் வரிசை நகரவே நகராது, தேடலில் பழைய விவரமே வந்துகொண்டிருக்கும். பணிகளை ஓட்டும் நிரலைக் குறித்த இடைவெளியில் இயக்குமாறு வழங்கியில் அமைப்பதே இதற்குத் தீர்வு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பணிகள் தோற்கும். அதனால் சிரஸ்சர்ச்சில், பக்கங்களை எண் வரிசையில் எடுத்துத் தரவுத்தளத்தையும் சுட்டியையும் ஒப்பிடும் சரிபார்ப்புப் பணியும் உண்டு. விடுபட்ட பக்கங்களையும், நீக்கப்பட்ட பின்னும் சுட்டியில் தங்கிவிட்டவற்றையும் அது கண்டறிந்து சரிசெய்கிறது.