பிபி நிறுவனத்தின் காலநிலைக் கொள்கை

இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு எண்ணெய் நிறுவனமான பிபி, பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க 1997 முதல் பல இலக்குகளை அறிவித்து வந்துள்ளது. காலநிலை மாற்றத்தை ஒரு சிக்கலாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட முதல் பெரிய எண்ணெய் நிறுவனங்களுள் இதுவும் ஒன்றாகும். 2020-ஆம் ஆண்டில் தன் எண்ணெய், எரிவாயு உற்பத்தியையே குறைக்கப்போவதாக இந்நிறுவனம் அறிவித்தது. 2025-இல் அந்த முடிவைக் கைவிட்டது.

உமிழ்வைக் கணக்கிடும் முறை

நிறுவனங்களின் உமிழ்வு பொதுவாக மூன்று வரம்புகளாகப் பிரிக்கப்படுகிறது. கிணறு, சுத்திகரிப்பு ஆலை, கப்பல் போன்ற நிறுவனத்தின் சொந்த அமைப்புகளிலிருந்து வெளிவருவது வரம்பு 1. நிறுவனம் வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்வதால் ஏற்படுவது வரம்பு 2. விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்தும்போது ஏற்படுவது வரம்பு 3-இன் முதன்மையான பகுதி.

எண்ணெய் நிறுவனங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அந்த எண்ணெயைத் தோண்டி எடுத்துச் சுத்திகரிக்கும்போது வெளிவருவது இதைவிட மிகக் குறைவு. 2020-இல் பிபி அளித்த கணக்கின்படி, அதன் சொந்தச் செயல்பாடுகளின் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி டன். அது எடுக்கும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படுவதால் ஏற்படும் உமிழ்வு சுமார் 36 கோடி டன். எனவே ஆலைகளை எவ்வளவு சீர்செய்தாலும் உமிழ்வின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அதைக் குறைக்க விற்பனையே குறைய வேண்டும்.

1997 உரையும் உள் உமிழ்வு வணிகமும்

1997 மே மாதம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் ஜான் பிரவுன் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். காலநிலை மாற்றம் ஐயமற நிறுவப்படும்வரை காத்திராமல், அதற்கான வாய்ப்பை மறுக்க முடியாத நிலையிலேயே செயல்படத் தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். உமிழ்வுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து வந்த 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்னும் தொழில்துறை அமைப்பிலிருந்தும் பிபி அக்காலகட்டத்தில் விலகியது.

2010-ஆம் ஆண்டுக்குள் சொந்த உமிழ்வை 1990-ஆம் ஆண்டு அளவைவிட 10 விழுக்காடு குறைப்பது இலக்காக வைக்கப்பட்டது. இதற்காக நிறுவனத்துக்குள்ளேயே ஓர் உமிழ்வு வணிகத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் உமிழ்வு அளவு ஒதுக்கப்பட்டது. குறைவாக உமிழ்ந்த பிரிவு, மிச்சத்தை மற்றொரு பிரிவுக்கு விற்கலாம். வீணாக எரித்துவிடப்பட்ட வாயுவைச் சேமித்தல், கசிவுகளை அடைத்தல், எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றால், 2010-க்கு வைத்த இலக்கு 2001 இறுதியிலேயே எட்டப்பட்டது. இதனால் செலவும் மிச்சமானது என்று நிறுவனம் கூறியது. ஆயினும் இத்திட்டம் சொந்தச் செயல்பாடுகளை மட்டுமே உள்ளடக்கியிருந்தது.

பெட்ரோலியத்துக்கு அப்பால்

2000-ஆம் ஆண்டில் பச்சை, மஞ்சள் நிறச் சூரியச் சின்னத்துடன், பிபி என்ற எழுத்துகளுக்குப் 'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்று புதுப்பொருள் தரும் விளம்பரங்கள் வெளியாயின. தனிமனிதர் தம் 'கார்பன் தடத்தை' அறிய உதவும் இணையக் கணிப்பானையும் நிறுவனம் வெளியிட்டது. பொறுப்பை எரிபொருள் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாற்றும் முயற்சி இது என்று பின்னாளில் திறனாய்வாளர்கள் குறைகூறினர்.

2005-இல் மாற்று ஆற்றலுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கி, பத்து ஆண்டுகளில் 800 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவிக்கப்பட்டது. எனினும் நிறுவனத்தின் வருவாய் எண்ணெயிலிருந்தே வந்தது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தனர். பெருமளவு எண்ணெய் கடலில் கலந்தது. இழப்பீட்டுச் சுமையால் நிறுவனம் பல சொத்துகளை விற்றது. 2011 இறுதியில் சூரிய ஆற்றல் தொழிலை மூடுவதாக அறிவித்தது. பெங்களூருவில் இயங்கிய டாட்டா பிபி சோலார் கூட்டு நிறுவனத்தின் பங்கும் டாட்டா குழுமத்திடம் சென்றது.

2020 இலக்குகள்

2020 பெப்ரவரியில் புதிய தலைமைச் செயல் அலுவலர் பெர்னார்ட் லூனி, 2050-க்குள் நிகர சுழிய உமிழ்வை அடைவதாக அறிவித்தார். சொந்தச் செயல்பாடுகளோடு, நிறுவனம் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவிலுள்ள கார்பனும் இதில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து மாதம் விரிவான திட்டம் வெளியானது. 2019-இல் நாளொன்றுக்குச் சுமார் 26 இலட்சம் பீப்பாய்க்கு இணையாக இருந்த உற்பத்தி, 2030-க்குள் 40 விழுக்காடு குறைக்கப்பட்டுச் சுமார் 15 இலட்சம் ஆக வேண்டும். பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்று உற்பத்தியைக் குறைக்க இவ்வளவு தெளிவான எண்ணை முன்வைத்தது அரிது.

பின்வாங்கல்

2022-இல் உருசியா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து எண்ணெய், எரிவாயு விலைகள் ஏறின. அவ்வாண்டு பிபியின் அடிப்படை இலாபம் சுமார் 2,770 கோடி டாலராக உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் உற்பத்திக் குறைப்பு இலக்கு 40 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. பங்கு விலை போட்டி நிறுவனங்களைவிடப் பின்தங்கியதால் முதலீட்டாளர்களின் நெருக்குதல் கூடியது.

2025 பெப்ரவரி 26 அன்று, அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் மர்ரே ஆச்சின்கிளாஸ் புதிய திட்டத்தை அறிவித்தார். எண்ணெய், எரிவாயு முதலீடு ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. குறைந்த கார்பன் தொழில்களுக்கான செலவு 150 முதல் 200 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது. 2030-இல் நாளொன்றுக்கு 23 முதல் 25 இலட்சம் பீப்பாய் உற்பத்தி புதிய இலக்கானது. அதாவது 2020-இல் கூறியதைவிடக் குறைந்தது 8 இலட்சம் பீப்பாய் கூடுதல்.

மதிப்பீடு

நிறுவனத்தின் சொந்தச் செயல்பாடுகளின் உமிழ்வு 2019-க்கும் 2023-க்கும் இடையில் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. ஆனால் இதில் ஒரு பகுதி சொத்துகளை விற்றதால் வந்தது. எடுத்துக்காட்டாக, 2020-இல் அலாஸ்கா எண்ணெய் வயல்கள் ஹில்கார்ப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. வயல் கைமாறும்போது உமிழ்வு ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து மறைகிறது. வளிமண்டலத்தில் அது குறைவதில்லை.

வாயுக் கசிவைத் தடுப்பது போன்ற, செலவையும் மிச்சப்படுத்தும் நடவடிக்கைகளில் பிபி தன் இலக்குகளை முன்கூட்டியே எட்டியது. உற்பத்தியைக் குறைக்கும் இலக்கோ, எண்ணெய் விலை ஏறியபோது நிலைக்கவில்லை. தன்விருப்ப வாக்குறுதிகள் மட்டும் போதாது, அரசுகளின் சட்டமும் கார்பன் வரியும் தேவை என்று வாதிடுவோர் பிபியின் வரலாற்றைச் சான்றாகக் காட்டுகின்றனர். தேவை குறையாமல் ஒரு நிறுவனம் மட்டும் உற்பத்தியைக் குறைத்தால், அந்த இடத்தை வேறொரு நிறுவனம் நிரப்பிவிடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.