ஃபயர்வாலின் விளக்குகள் சொல்வதும் சொல்லாததும்

அலுவலகத்துக் கணினிகளுக்கும் வெளியுலக இணையத்துக்கும் நடுவே அமர்ந்து, வருவதையும் போவதையும் விதிகளின்படி பரிசோதித்து அனுமதிக்கிற ஃபயர்வால் என்ற சாதனத்தின் முகப்பில் வரிசையாக எரியும் சிறு விளக்குகளைக் கண்டவர்கள் அநேகர். ஆயினும் பச்சை தெரிந்தால் க்ஷேமம், வேறு நிறம் தெரிந்தால் விபரீதம் என்று பொதுப்படையாக எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களே ஒழிய, எந்த விளக்கு எதைப் பற்றிப் பேசுகிறது என்று விசாரிப்பவர்கள் சிலரே.

சிறிய அலுவலகங்களில் வெகுகாலம் புழங்கிய சிஸ்கோ ஏ.எஸ்.ஏ. 5505 என்ற மாதிரியை உதாரணமாகக் கொள்வோம். மின்சாரம் கிடைத்தவுடன் அதன் 'ஸ்டேட்டஸ்' விளக்கு பச்சையாக விட்டுவிட்டு எரிந்தால், சாதனம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு துவங்குகிறது என்று அர்த்தம். சோதனை நல்லபடியாக முடிந்தால் பச்சை நிலைத்து நிற்கும், தோற்றாலோ ஆம்பர் எனப்படும் செம்மஞ்சள் நிறம் வரும். அதே செம்மஞ்சள் 'ஆக்டிவ்' விளக்கில் தோன்றினால் கலங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும்படி ஜோடியாக வைத்த இரண்டு சாதனங்களில், இது மாற்றாகக் காத்திருக்கிறது என்பதே செய்தி. 'வி.பி.என்.' விளக்கில் வந்தாலோ, தொலைவிலுள்ள கிளையோடு ரகசியப் பாதை அமைக்கும் முயற்சி பலிக்கவில்லை என்று பொருள். ஆகவே நிறத்தைப் பார்க்குமுன் விளக்கின் பெயரைப் படிப்பதே முறை.

கேபிள் செருகும் போர்ட்டின் விளக்கு இன்னொரு விதம். 1990-இல் வகுக்கப்பட்ட 10பேஸ்-டி முறையில், அனுப்பத் தகவல் ஏதும் இல்லாத வேளையிலும், சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒரு தரம் இரு முனைகளும் சிறு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிர்முனையின் துடிப்பு வந்துகொண்டிருக்கிற வரையில் விளக்கு எரியும். பின்வந்த அதிவேக முறைகளில் துடிப்பின் ரூபம் மாறினாலும் தாத்பரியம் மாறவில்லை. கேபிள் இணைந்திருக்கிறது, எதிர்முனையில் உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த விளக்கு சாட்சி. எவரையும் உள்ளே விடும் தவறான விதி ஒன்று எழுதப்பட்டிருந்தாலும் பச்சை பச்சையாகவே பிரகாசிக்கும்.

விளக்கே காவலுக்குப் பாதகமாக முடிந்த விசித்திரமும் உண்டு. ஜோ லௌரி, டேவிட் அம்ஃபிரஸ் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சில மோடம்களின் விளக்குகள், கடந்து செல்லும் தகவலின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஏற்ப மின்னுவதால், தொலைவிலிருந்தே ஒளியுணரியால் அத்தகவலைப் படித்துவிடலாம் என்று நிரூபித்தனர். தகவலை மறைத்து அனுப்புவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சாதனத்தில், மறைப்பதற்கு முந்தைய மூலமே விளக்கில் வெளிப்பட்டது! விளக்கு மின்னும் கால அளவைச் சற்று நீட்டிவிட்டால் ரகசியம் கசியாது என்ற பரிகாரத்தையும் அவர்களே கூறினர்.

இணையம் நின்றுபோன கணத்தில் சாதனத்தை அணைத்துப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அணைத்தால் தடயமும் மறைந்துபோகும். ஆதலால் முதலில் எந்த விளக்கு, என்ன நிறம், நிலைத்து எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா என்று குறித்துக்கொண்டு, பராமரிப்பவரிடம் அப்படியே சொல்லுங்கள். யந்திரம் நலமா என்ற கேள்விக்கு விளக்கு விடை தரும். காவல் நலமா என்று அறிய, விதிகளையும் பதிவுகளையும் அவரை அவ்வப்போது படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.